மலைவாழ் பழங்குடியினரிடையே பயணவழி எழுத்தறிவுத் தொண்டு

மலைவாழ் பழங்குடியினரிடையே பயணவழி எழுத்தறிவுத் தொண்டு என்பது, பயணம் செய்யும் ஒருவர் தம் பயணக் காலத்தின் ஒரு பகுதியில் தொலைதூர மலைக் குடியிருப்புகளில் தங்கி, அங்குள்ளோருக்கு எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் ஊதியமின்றிக் கற்பிக்க உதவும் பணியாகும். கல்லூரி விடுமுறையில் உள்ள மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், மலையேற்றப் பயணிகள், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் எனப் பலர் இதில் ஈடுபடுகின்றனர். சிலர் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செல்கின்றனர். சிலர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரின் அழைப்பின் பேரில் செல்கின்றனர்.

எழுத்தறிவு மெதுவாக வேர்பிடிப்பது. பயணம் விரைவில் முடிவது. இந்த முரண்பாடே இத்தொண்டின் அடிப்படைச் சிக்கலாகும். பயணி திரும்பிய பிறகு அவ்வூரில் வாசிப்பு தொடர்கிறதா என்பதைக் கொண்டே இப்பணியின் பயனை மதிப்பிட முடியும்.

எழுத்தறிவின் தேவை

எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மக்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். மூலிகை, தேன் எடுப்பு, விதைப்பருவம், விலங்குகளின் நடமாட்டம் ஆகியவை பற்றி அவர்களிடம் உள்ள அறிவு தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே கைமாறி வந்துள்ளது. அரசு அலுவலகமும் வங்கியும் சந்தையும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கைக்குள் வந்த பிறகே எழுத்து இன்றியமையாததாயிற்று.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் ஏறத்தாழ 73 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 59 விழுக்காடு. பழங்குடிப் பெண்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே எழுத்தறிவு பெற்றிருந்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.95 லட்சம் பழங்குடியினர் கணக்கிடப்பட்டனர். மாநிலத்தின் மொத்த எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடாக இருந்தது.

இந்த இடைவெளி அன்றாடம் இழப்பை உண்டாக்குகிறது. தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமார்புல் ஆகியவற்றைச் சேகரித்து விற்பவருக்குத் தராசின் எண்ணையும் ரசீதின் தொகையையும் படிக்கத் தெரியாவிட்டால், வியாபாரி சொல்வதே எடை, அவர் கொடுப்பதே விலை. வேலை உறுதித் திட்டக் கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்ததாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தாலும், அதைப் படிக்க இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

நில உரிமையில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து வன நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பம் அந்நிலத்தின் மீது உரிமை கோரலாம். கோரிக்கை மனு கிராம சபையிடம் அளிக்கப்பட வேண்டும். மனுவில் எழுதப்பட்டுள்ள பரப்பளவும் எல்லையும் சரியானவையா என்று தாமே படித்துப் பார்க்க இயலாதவர், பிறர் நிரப்பிய தாளில் கைநாட்டு வைக்க நேரிடுகிறது. கையெழுத்துப் போடக் கற்பதோடு எழுத்தறிவுப் பணி முடிந்துவிடாது என்பதை இது காட்டுகிறது. தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவரும் படிக்காத தாளில்தான் கையெழுத்திடுகிறார்.

வரலாறு

வெளியிலிருந்து வந்தவர்கள் மலைப்பகுதிகளில் எழுத்தறிவு புகட்டிய முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நடந்துள்ளன. அவற்றுள் சில இன்றைய தொண்டர்களுக்குப் பாடமாக அமைகின்றன.

பிலிப்பைன்சு

மிண்டனாவோ தீவின் உயர்நிலப் பகுதியில் உள்ள லனாவ் ஏரியைச் சுற்றி மரனாவ் மக்கள் வாழ்கின்றனர். அமெரிக்கச் சமயப்பணியாளர் பிராங்க் லாபாக் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மக்களின் தாய்மொழியிலேயே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கினார். மொழியின் ஒலிகளைச் சில திறவுகோல் சொற்களுக்குள் அடக்கிக் காட்டும் பாட அட்டைகள் உருவாக்கப்பட்டன. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் நிதி குறைந்து, ஆசிரியர்களுக்கு ஊதியம் தர இயலாத நிலை ஏற்பட்டபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று உள்ளூர்த் தலைவர்கள் வற்புறுத்தினர். 'ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தல்' என்று பின்னர் பல நாடுகளில் பரவிய வழிமுறை இவ்வாறு உருவானது. வெளியாரின் பணம் நின்ற பிறகும் வகுப்பு நிற்காததற்கு உள்ளூர் மக்கள் அப்பொறுப்பை ஏற்றதே காரணமாகும்.

எக்குவடோர்

ஆண்டிசு மலைத்தொடரில் உள்ள கயாம்பே பகுதியில் கிச்சுவா மக்களின் தலைவியாக விளங்கியவர் டொலோரெசு கக்குவாங்கோ. எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாதவரான இவர், 1940களின் நடுவில் கிச்சுவாக் குழந்தைகளுக்கான இருமொழிப் பள்ளிகளைத் தொடங்கினார். தலைநகர் கீட்டோவில் ஆசிரியராக இருந்த லூயிசா கோமெசு டெ லா தோரே இதற்குத் துணைநின்றார். எனினும் வகுப்பறைகளில் கற்பித்தவர்கள் அம்மலை ஊர்களைச் சேர்ந்த கிச்சுவா இளைஞர்களே. கக்குவாங்கோவின் மகன் லூயிசு கத்துக்குவாம்பாவும் அவர்களுள் ஒருவர். கிச்சுவா, எசுப்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் பாடம் நடந்தது. 1963இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழு இப்பள்ளிகளை மூடியது. ஆயினும் இம்முயற்சி நாட்டின் இருமொழிக் கல்விக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1988இல் அந்நாட்டில் பழங்குடி இருமொழிக் கல்விக்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது.

கியூபாவும் நிக்கராகுவாவும்

கியூபா 1961ஆம் ஆண்டைக் கல்வி ஆண்டாக அறிவித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்கள் விளக்கும் தூளிப் படுக்கையும் பாடநூலும் ஏந்திச் சியேரா மயெசுத்ரா போன்ற மலைப்பகுதிகளுக்கும் சிற்றூர்களுக்கும் சென்றனர். பகலில் உழவர் குடும்பத்தோடு வயலில் வேலை செய்து, இரவில் விளக்கொளியில் பாடம் நடத்தினர். இப்பணி ஆபத்தில்லாததாக இருக்கவில்லை. அவ்வாண்டு சனவரியில் எசுகம்பிராய் மலைப்பகுதியில் கொன்ராதோ பெனித்தெசு என்ற இளம் ஆசிரியர் அரசு எதிர்ப்பாளர்களால் கொல்லப்பட்டார். மாணவர் படைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. டிசம்பர் 22 அன்று இயக்கம் நிறைவுற்றபோது 7,07,212 பேர் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவர்களுக்காக முதியோர் தொடர்கல்வி வகுப்புகளும் நடத்தப்பட்டன.

நிக்கராகுவாவில் 1980 மார்ச்சு முதல் ஆகசுட்டு வரை ஐந்து மாத எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஏறத்தாழ 60,000 இளைஞர்கள் ஊர்ப்புறங்களில் தங்கினர். எழுத்தறிவின்மை 50 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைந்ததாக அரசு அறிவித்தது. ஆனால் முதலில் எசுப்பானிய மொழியில் மட்டுமே பாடம் அமைந்திருந்தது. அட்லாண்டிக் கடற்கரைப் பகுதியில் வாழும் மிசுகிட்டோ முதலிய பழங்குடியினர் இதை ஏற்கவில்லை. அவர்களின் கோரிக்கையை அடுத்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் மிசுகிட்டோ, சுமு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தனி இயக்கம் நடத்தப்பட்டது. நல்ல நோக்கத்தோடு வந்த தொண்டரும் தம் மொழியை மட்டுமே கொண்டுவந்தால் வரவேற்பு கிடைக்காது என்பதற்கு இது சான்றாகும்.

நேபாளம்

நேபாளத்தில் 1970களில் தேசிய வளர்ச்சிப் பணித் திட்டத்தின் கீழ், திரிபுவன் பல்கலைக்கழக முதுகலை மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு முன் தொலைதூர ஊர்களில் தங்கிக் கற்பிக்கவும் பிற பணிகளைச் செய்யவும் வேண்டியிருந்தது. நகரத்து மாணவர்கள் தங்கள் நாட்டு மலைச் சிற்றூர்களின் நிலையை நேரில் அறிய இது வாய்ப்பளித்தது. அப்பத்தாண்டின் இறுதியில் இத்திட்டம் நிறுத்தப்பட்டது.

இந்தியா

இந்தியாவில் தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது அறிவொளி இயக்கம் என்ற பெயரில் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் இதன் ஒரு பகுதியாக அமைந்தது. இந்த இயக்கங்களின் தொண்டர்களில் பெரும்பாலோர் அதே ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவர்கள். பேருந்து செல்லாத மலைக் குடியிருப்புகளில் படித்த உள்ளூர்த் தொண்டர் கிடைப்பது அரிது. வெளியிலிருந்து வருபவரின் தேவை அங்கேதான் எழுகிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தன்னார்வலர்கள் வழியாகவே கற்பிக்கிறது.

மொழிச் சிக்கல்

மலைப்பகுதியில் பாடம் எடுக்கச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது, அம்மக்கள் வீட்டில் பேசும் மொழி எது என்பதாகும். தமிழ்நாட்டிலேயே இது இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. சவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை ஆகியவற்றில் வாழும் மலையாளி இனத்தவரும் பழனி மலையின் பளியரும் பேசுவது தமிழின் வட்டார வழக்குகளாகும். ஆகவே அங்குத் தமிழ்ப் பாடநூல் பெரும்பாலும் விளங்கும். நீலகிரியில் நிலைமை வேறு. தோடர், கோத்தர், இருளர், பணியர், குறும்பர் ஆகியோர் தனித்தனித் திராவிட மொழிகளைப் பேசுகின்றனர். தோடா மொழியில் தமிழ் எழுத்தால் காட்ட இயலாத உரசொலிகள் பல உள்ளன. இம்மொழிகளுக்கு வழிவழியாக வந்த தனி எழுத்துமுறை இல்லை.

மாநில எல்லை இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வாழும் முதுவர் பேசுவது தமிழோடு நெருங்கிய மொழி. ஆனால் அவர்களின் குழந்தைகள் பள்ளியில் கற்பது மலையாள எழுத்து. கூடலூர்ப் பகுதியில் பணியர் பேசும் மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. பள்ளியில் அவர்கள் கற்பது தமிழ் எழுத்து. முதல் வகுப்பில் பேசாமல் அமர்ந்திருக்கும் குழந்தையை மந்தம் என்று கருதும் ஆசிரியர், அக்குழந்தை தன் காதில் விழும் மொழியையே அப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்.

லடாக்கில் நீண்ட காலம் இதே நிலை இருந்தது. லடாக்கி பேசும் குழந்தைகள் எட்டாம் வகுப்பு வரை உருது வழியிலும், ஒன்பதாம் வகுப்பில் திடீரென ஆங்கில வழியிலும் பயில வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வில் மிகப் பெரும்பாலானோர் தோல்வியடைந்தனர். சோனம் வாங்சுக் உள்ளிட்ட இளைஞர்கள் 1988இல் லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கத்தை நிறுவினர். 1994இல் அரசும் ஊர்மக்களும் இணைந்து தொடங்கிய 'புதிய நம்பிக்கை' இயக்கம் மூன்று வேலைகளில் கவனம் செலுத்தியது: ஊர்க் கல்விக் குழுக்களை அமைத்தல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தல், லடாக்கின் வாழ்க்கைச் சூழலுக்கேற்பப் பாடநூல்களைத் திருத்துதல். தேர்ச்சி விகிதம் பின்னர் பல மடங்கு உயர்ந்தது.

ஒடிசா மாநிலம் சவரா, குயி, குவி, சுவாங், போண்டா உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியளிக்கும் பன்மொழிக் கல்வித் திட்டத்தை 2006-07 காலத்தில் தொடங்கியது. தாய்மொழியில் தொடங்கிப் படிப்படியாக மாநில மொழிக்குச் செல்வதே இதன் நெறி. யுனெசுக்கோ நிறுவனமும் 1953ஆம் ஆண்டிலேயே தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியை வலியுறுத்தியது.

காலக் கணக்கு

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அடிப்படைப் பாடம் மூன்று பாடநூல்களாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 மணி நேரத்தில் முடிக்கத்தக்கதாக வகுக்கப்பட்டிருந்தது. மலைக் குடியிருப்புகளில் பகலில் எல்லோரும் வேலைக்குச் சென்றுவிடுவதால் மாலையில் ஒன்றரை மணி நேரம் கிடைப்பதே பெரிது. அவ்வாறாயின் 200 மணி நேரத்துக்கு 133 மாலைகள் தேவை. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு நடந்தால் ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். தேன் எடுக்கும் பருவம், அறுவடை, திருவிழா, இழவு, கனமழை ஆகியவற்றால் விடுபடும் நாள்களையும் சேர்த்தால் காலம் இன்னும் நீளும்.

இரண்டு வாரம் தங்கும் பயணி, ஒரு மாலைகூடத் தவறாமல் வகுப்பு எடுத்தாலும் 21 மணி நேரமே கற்பிக்க முடியும். இது தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் கற்ற எழுத்துகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாவிட்டால் சில மாதங்களில் மறந்துபோகும். அதைவிட வருந்தத்தக்கது, 'நமக்குப் படிப்பு ஏறவில்லை' என்ற எண்ணம் கற்பவர் மனத்தில் பதிந்துவிடுவது. அடுத்த முறை ஒருவர் பாடநூலோடு வரும்போது அவர் வகுப்புக்கே வராமல் போகலாம்.

பிரேசிலில் பாவுலோ பிரெயிரே 1963இல் அங்கிக்கோசு நகரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டிய முயற்சி இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அங்குக் கற்றவர்கள் பேசிய மொழியும் பாட மொழியும் ஒன்றே. அவர்களின் வாழ்க்கைச் சொற்களை முன்கூட்டியே ஆராய்ந்து பாடம் அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சி பெற்ற குழுவும் இருந்தது. தனியொரு பயணி அந்த வேகத்தை எதிர்பார்க்க இயலாது.

கற்பிக்கும் முறை

தமிழ் எழுத்துகள் 247 என்று தொடங்கினால் முதியோர் மலைத்துவிடுவர். உண்மையில் 12 உயிரெழுத்துகளையும், க முதல் ன வரையான 18 அடிப்படை வடிவங்களையும், சில துணைக்குறிகளையும் அறிந்தால் பெரும்பாலானவற்றைப் படித்துவிடலாம். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் வடிவங்கள் பலவாறு மாறுவதால் அவற்றுக்குக் கூடுதல் பயிற்சி தேவை. ஆனா, ஆவன்னா என்று வரிசையாக ஒப்பிக்கச் செய்வதைவிடச் சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் முறை முதியோருக்குப் பொருந்துகிறது. ட, ப, ம என்ற மூன்று வடிவங்களும் புள்ளியும் தெரிந்தவுடனேயே 'படம்', 'மடம்', 'பட்டம்' ஆகிய சொற்களைப் படித்துவிட முடியும். முதல் நாளிலேயே ஒரு முழுச் சொல்லைப் படித்தவர் மறுநாளும் வருவார்.

சொற்கள் அவ்வூரின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்படுவது நன்று. மரம், மலை, மழை, தேன், பட்டா, கூலி, சந்தை போன்ற சொற்கள் பேச்சைத் தூண்டுகின்றன. 'பட்டா' என்ற சொல்லைப் பலகையில் எழுதினால், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற உரையாடல் தானே தொடங்கும். கற்பவர்களின் தாய்மொழிச் சொற்களை ஊராரிடம் கேட்டு, அவற்றையும் அருகில் எழுதிக் காட்டலாம். அப்போது ஆசிரியரும் மாணவராகிறார்.

முதியோர் வகுப்பில் சிறிய தடைகள் பெரிய விளைவை உண்டாக்குகின்றன. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரிவதைப் படிப்பு ஏறவில்லை என்று அவர்களே தவறாக எண்ணிக்கொள்வர். கண் பரிசோதனையும் வாசிப்புக் கண்ணாடியும் கிடைத்தால் பலர் உடனே முன்னேறுகின்றனர். மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துப் பழகிய விரல்களுக்குப் பென்சிலைவிடச் சிலேட்டுக் குச்சி எளிது. மணலில் விரலால் எழுதுவது அதைவிட எளிது. மின்சாரம் இல்லாத இடங்களில் சூரிய ஒளி விளக்கு ஒன்று வகுப்பின் நேரத்தையே நீட்டித்துவிடும். பெண்களுக்கு எந்த நேரம் ஏற்றது என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். சமையல் நேரத்தில் வகுப்பை வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று கூறுவதில் பொருளில்லை.

கணக்கிலும் இதே நெறி பொருந்தும். தராசின் எண், கைப்பேசி எண், பேருந்தின் தட எண், மருந்துச் சீட்டில் உள்ள வேளைக் குறிப்பு, வங்கிப் புத்தகத்தின் இருப்புத் தொகை ஆகியவையே முதியோருக்கான எண் பாடங்கள்.

பயணி செய்யத்தக்க பணிகள்

குறுகிய காலம் தங்குபவர் தாமே முதன்மை ஆசிரியராக இருப்பதைவிட, உள்ளூரில் தொடர்ந்து கற்பிப்பவருக்குத் துணையாக இருப்பதே பயன் தருகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்த அவ்வூர்ப் பெண் ஒருவர் மாலை வகுப்பு நடத்துகிறார் எனில், பாட அட்டைகள் தயாரித்தல், பின்தங்கியவரோடு தனியே அமர்ந்து வாசித்தல், குழந்தைகளைக் கதை சொல்லி ஈர்த்து வைத்துத் தாய்மார்கள் படிக்க வழிசெய்தல் ஆகியவற்றைப் பயணி செய்யலாம். அவர் சென்ற பிறகும் அப்பெண் அங்கேயே இருப்பார், வகுப்பும் இருக்கும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ள வித்யோதயா பள்ளி இதற்கு அண்மை எடுத்துக்காட்டு. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோரின் குழந்தைகளுக்காக நடத்தப்படும் இப்பள்ளி, அச்சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. லடாக்கின் பே ஊரில் உள்ள மாணவர் இயக்க வளாகத்திலும் வெளியிலிருந்து வரும் தொண்டர்களின் முக்கியப் பணி, மாணவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடுவதாகும். தமக்கு இயல்பாக வரும் ஒன்றை, நிறுவனம் வகுத்த ஒழுங்குக்குள் அவர்கள் அளிக்கின்றனர்.

வாசிப்புப் பொருள் சேர்ப்பது இன்னொரு நற்பணி. இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி, முதுவர் வாழும் குடியிருப்புகளைக் கொண்ட காட்டுப் பகுதி. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இங்கு 2010இல் அமைந்தது. அங்கு இருப்புக்கல்லுக்குடியில் பி.வி.சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் சிறிய தேநீர்க் கடையில் 160 நூல்களைக் கொண்ட நூலகம் நடத்தி வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014இல் எழுதினார். நெடுந்தொலைவு காட்டுவழி நடந்தே அடைய வேண்டிய அவ்விடத்தில், மலையாள இலக்கிய நூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் முதுவர்கள் இரவல் பெற்றுப் படித்தனர். யார் எந்த நூலை எடுத்தார் என்பதற்குப் பதிவேடும் இருந்தது. எழுத்தறிவு பெற்றவரை மீண்டும் எழுத்தை இழக்காமல் காப்பது இத்தகைய ஏற்பாடுகளே. மலையேறி வரும் பயணி ஒவ்வொருவரும் பெரிய எழுத்தில் அச்சிட்ட நான்கு நல்ல நூல்களைக் கொண்டுவந்தாலும் சிறு நூலகம் ஒன்று வளரும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை அவர்களின் ஒப்புதலோடு எழுதி, படி எடுத்து அவ்வூரிலேயே விட்டுவருவதும் சிறந்த வாசிப்புப் பொருளாகும்.

அனுமதியும் பாதுகாப்பும்

மலைப் பழங்குடிக் குடியிருப்புகள் பல காப்புக்காடுகளுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் உள்ளே அமைந்துள்ளன. அங்குச் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களுக்குச் செல்லும் பிற மாநில இந்தியருக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர், ஊதியமில்லாப் பணியானாலும் உரிய அனுமதியின்றிச் செய்ய விதிகள் இடமளிப்பதில்லை. அரசு அனுமதிக்கு அடுத்ததாக ஊரின் இசைவு வேண்டும். மூப்பன், காணி என இடத்துக்கேற்ற பெயரில் அழைக்கப்படும் ஊர்த்தலைவரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் முன்கூட்டியே பேசுவது முறை.

செல்பவர்கள் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள்:

* சளி, காய்ச்சல் போன்ற தொற்று இருப்பின் பயணத்தைத் தள்ளிவைத்தல். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் உள்ள இடத்தில் எளிய நோயும் பெருந்துன்பமாகலாம்.
* குழந்தைகளோடு தனி அறையில் இல்லாமல், திறந்த இடத்தில், ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க வகுப்பு நடத்துதல்.
* ஒப்புதலின்றிப் படம் எடுக்காதிருத்தல். குழந்தைகளின் முகமும் பெயரும் ஊரும் சேர்த்து இணையத்தில் இடாதிருத்தல்.
* தங்குமிடத்துக்கும் உணவுக்கும் உரிய தொகையைக் கொடுத்தல். ஒரு வேளைச் சோறு அக்குடும்பத்தின் கையிருப்பைக் குறைக்கும் என்பதை நினைவில் கொள்ளுதல்.
* மிட்டாயும் பணமும் வழங்கிக் குழந்தைகளைப் பயணிகளிடம் கையேந்தப் பழக்காதிருத்தல்.
* மதப் பரப்புரை, கட்சிப் பரப்புரை ஆகியவற்றை வகுப்போடு கலக்காதிருத்தல்.

விமர்சனங்கள்

பயணத்தையும் தொண்டையும் இணைத்து விற்கும் வணிகம் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. தொண்டர் செலுத்தும் கட்டணத்தில் எவ்வளவு ஊருக்குச் சென்றடைகிறது என்பது பல நேரங்களில் தெளிவாக இருப்பதில்லை. நேபாளத்தில் சுற்றுலாப் பகுதிகளை ஒட்டிக் குழந்தைகள் இல்லங்கள் பெருகின. மலை மாவட்டங்களிலிருந்து படிப்பின் பெயரால் அழைத்துவரப்பட்டு அங்குச் சேர்க்கப்பட்ட பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தனர் என்பது வெளிவந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. கற்பிக்கும் பயிற்சி இல்லாத ஒருவர், தம் நாட்டுப் பள்ளியில் அனுமதிக்கப்படாத பணியை ஏழை நாட்டு மலைப்பள்ளியில் எளிதாகச் செய்ய முடிவது சரியா என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. வாரத்துக்கு ஒருவராக ஆசிரியர் மாறும்போது, ஒவ்வொருவரும் அதே முதல் பாடத்தையே நடத்துவதும், ஒட்டிப் பழகிய குழந்தைகள் மீண்டும் மீண்டும் பிரிவைச் சந்திப்பதும் உண்டு.

தொண்டர்கள் வருகிறார்கள் என்பதைக் காட்டி, நிலையான ஆசிரியரை அமர்த்தும் கடமையை அரசு தள்ளிப்போடக்கூடாது என்பதும் முக்கியமான கருத்து. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி சட்டப்படி உரிமை. தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருப்பதற்கு எந்தப் பயணியின் தொண்டும் ஈடாகாது.

தொடர்ச்சி

இப்பணியில் ஈடுபட விரும்புவோர் ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் செல்வது, ஆண்டுக்கு ஓர் ஊராகச் சுற்றுவதைவிடச் சிறந்தது. இரண்டாம் முறை செல்லும்போது மொழியும் முகங்களும் பழகியிருக்கும். முதல் முறை கற்றவர் எங்கு நின்றார் என்பதும் தெரிந்திருக்கும். விடைபெறும் முன் சில எளிய குறிப்புகளை எழுதி உள்ளூர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்: யார் எந்தப் பாடம் வரை வந்துள்ளார், யாருக்குக் கண்ணாடி தேவை, யாருக்கு உகர வரிசை இன்னும் தடுமாறுகிறது, எந்தக் கதையை ஊரார் விரும்பிக் கேட்டனர் என்பன போன்றவை. அடுத்து வருபவர் ஆனா, ஆவன்னாவிலிருந்து மீண்டும் தொடங்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர அந்த ஒரு தாள் உதவும்.